மழைக்கு ஒதுங்கிய தாய்மாமன்

ஐப்பசி மழையில் ஒரு சாயங்காலம் என் மச்சினன் தன் புதுக் காரை பஸ் டெப்போவுக்குள் ஓட்டிக்கொண்டு போய் நிறுத்தினான். வேண்டுமென்று செய்யவில்லை. திருநெல்வேலி ஜங்ஷனிலிருந்து பாளையங்கோட்டைக்கு வரும் வழியில் மழை பிடித்துக்கொண்டது. கண்ணாடிக்கு வெளியே தண்ணீர், உள்ளே ஆவி. முன்னால் போன பஸ்ஸின் சிவப்பு விளக்கு மட்டும்தான் கண்ணுக்குத் தெரிந்திருக்கிறது. அதைவிட்டால் வேறு கதியில்லை என்று அதையே பிடித்துக்கொண்டு போனான். விளக்கு திரும்பினால் இவனும் திரும்பினான், நின்றால் நின்றான். ஓரிடத்தில் அது நின்றது நின்றதுதான். பிறகு அணைந்தும் போனது. கண்ணாடியை இறக்கிப் பார்த்தால் இந்தப் பக்கம் ஒரு பஸ், அந்தப் பக்கம் ஒரு பஸ், நடுவில் இவன். குடை பிடித்து வந்த காவலர் குனிந்து பார்த்து, "எந்த ரூட்டு வே இது? டீசல் போடணுமா, கழுவணுமா?" என்று நிதானமாகக் கேட்டிருக்கிறார். அன்றைக்கு அவனை வீடு கொண்டுவந்து சேர்த்தவர் வேலை முடிந்து கிளம்பிய ஒரு கண்டக்டர். கார் டெப்போவிலேயே தூங்கியது.

பிள்ளைகளே, இந்த மச்சினன் என் மனைவியின் ஒரே தம்பி. என் மகளுக்குத் தாய்மாமன். வெளியூர்க் கம்பெனி ஒன்றுக்கு வீட்டிலிருந்தபடியே கம்ப்யூட்டர் புரோகிராமுக்குக் கோடு எழுதிக் கொடுப்பது அவன் தொழில். நான் பத்தாம் வகுப்போடு நின்றுவிட்டவன். பாளையங்கோட்டையில் பைப்பும் குழாயும் விற்கும் கடை வைத்திருக்கிறேன். அவன் தொழிலில் எனக்குத் தெரிந்தது கொஞ்சம்தான். ஆனால் அவனுடைய பயம் எனக்கு முழுதாகத் தெரியும். பக்கத்து சீட்டில் உட்கார்ந்து பார்த்தவன் நான்.

டெப்போவுக்குப் போய் வந்த பிறகு, கண்ணாடியில் முதல் துளி விழுந்தாலே போதும், எந்தக் கூரை கண்ணில் பட்டாலும் அதன் கீழே காரை விட்டுவிடுவான். பெட்ரோல் பங்க், மர அறுவை மில், மூடிய கடையின் தகரத் தாழ்வாரம், எதுவானாலும் சரி. ஒருமுறை நாங்கள் இருவரும் ஒரு துக்க வீட்டுக்குப் போய்க்கொண்டிருந்தபோது தூறல் விழுந்தது. சட்டென்று ஒரு கல்யாண மண்டபத்துப் போர்ட்டிகோவில் ஏறிவிட்டான். கார் வந்து நின்றதைப் பார்த்ததும் வாசலில் நின்றவர்கள் பன்னீர் தெளித்துவிட்டார்கள். "மழையிலயும் வந்துட்டீகளே, அதுதான் சொந்தம்னு சொல்லுதது" என்று பெண்ணின் அப்பா கையைப் பிடித்து அழைத்துப் போனார். பெண் வீட்டார் எங்களை மாப்பிள்ளை வீடு என்று நினைத்தார்கள். மாப்பிள்ளை வீட்டார் பெண் வீடு என்று நினைத்தார்கள். துக்கத்துக்குக் கிளம்பிய நாங்கள் பாயசம் குடித்தோம். மேடையேறிப் போட்டோவுக்கும் நின்றோம். பக்கத்தில் நின்ற மச்சினன், "மாப்பிள்ள பேரு என்ன அத்தான்?" என்று என் காதோரம் கேட்டான். எனக்கு மட்டும் என்ன தெரியும்.

ஆனால் இதே ஆள் கோடு எழுத உட்கார்ந்தால் வேறு ஆள். என் கடைக்கு முன்பு யாரோ எழுதிக் கொடுத்த பில் போடும் புரோகிராம் ஒன்று இருந்தது. குழாய்க்குத் தள்ளுபடி போட்டால் பைப்பின் விலை குறையும். மோட்டார் விற்றால் கணக்கில் வாளி குறையும். ஒருநாள் மச்சினனைக் கூப்பிட்டுக் காட்டினேன். அதைத் திறந்து படித்தவன் முகம், ஊசிப்போன சாம்பாரை மோந்து பார்த்தவன் முகம் மாதிரி ஆனது. ஒரே துண்டாக, மூச்சுவிட இடமில்லாமல், முழுநீளத்துக்கு எழுதி வைத்திருந்தார்கள். உள்ளே ஒவ்வொரு கணக்குக்கும் வைத்திருந்த பெயர்களை எனக்கு வாசித்துக் காட்டினான். "புதுசு, புதுசு இரண்டு, கடைசி, கடைசிக்கும் கடைசி. இதுல விலை எது அத்தான்? பிள்ளைக்குப் பேரு வைக்கும்போது இப்படியா வைப்போம்?"

அவன் புதிதாக எழுதத் தொடங்கியபோது கடையை அடைத்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன். எனக்குப் புரிந்த அளவில் சொல்கிறேன். பெரிய வேலையைச் சின்னச் சின்னத் துண்டுகளாகப் பிரித்துக்கொள்கிறான். ஒரு துண்டு ஒரு வேலையை மட்டும் செய்யும். விலையைக் கண்டுபிடிக்கும் துண்டு தள்ளுபடி பக்கம் தலைவைத்துப் படுக்காது. எந்தத் துண்டைப் பார்த்தாலும் அது என்ன செய்கிறது என்று அதன் பெயரே சொல்லிவிடும். எழுதி முடித்த துண்டை அப்போதே ஓட்டிப் பார்ப்பான். சரியாக இருந்தால்தான் அடுத்தது. நான் அவசரப்பட்டு, "மாப்ளே, இந்தக் கப்ளிங் கணக்க மட்டும் இங்கனயே ஒரு ஓரமாச் சேத்து எழுதிரு" என்றால் நாற்காலியைத் திருப்பி என்னைப் பார்ப்பான்.

"ஓரமாவா? உங்க கடைல நடக்கதுக்கு இடமில்லாமக் கெடக்கே, அதெல்லாம் ஒருகாலத்துல ஓரமா வச்சதுதான அத்தான்."

கடைக்குள் திரும்பிப் பார்த்தேன். அவன் சொன்னது உண்மைதான். பைப்பை வளைவில் இணைக்கும் எல்போக்களில் அரை அங்குலமும் முக்கால் அங்குலமும் ஒரே சாக்கில் கிடந்தன. வந்தவர்கள் கேட்டால் சாக்கையே தரையில் கொட்டித் தேடுவேன். அந்த வாரம் புரோகிராம் முடிவதற்குள் கடையையும் ஒழுங்கு செய்ய வைத்துவிட்டான். "இந்த ஒரு துண்டு இந்த ஒரு வேலையச் செஞ்சாப் போதும். அடுத்த வேலைய அடுத்தது பாத்துக்கிடும்" என்பது அவன் வாயில் எப்போதும் இருக்கும் பேச்சு. சாப்பாட்டிலும் அப்படித்தான். சாம்பார் சோறு முழுதாக முடிந்தால்தான் ரசம். அப்பளத்தை எதனோடு சேர்ப்பது என்று மட்டும் முடிவெடுக்க முடியாமல் கடைசியில் தனியாகத் தின்பான்.

என் மகளுக்கு மூன்றாவது வயது நடந்தபோது காது குத்த நாள் பார்த்தோம். எங்கள் குலதெய்வமான சாஸ்தாவின் கோயில் ஆழ்வார்குறிச்சிக்கு அப்பால் வயல்களுக்கு நடுவே இருக்கிறது. சோதிடர் கார்த்திகையில் நாள் குறித்துக் கொடுத்தார். மழைக்காலமாச்சே என்று இழுத்தேன். "மழை பெய்யும், நிக்கும். நாள் போனா வருமா?" என்றுவிட்டார். எங்கள் பக்கத்தில் பிள்ளைக்குக் காது குத்துவதென்றால் தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் குத்துவார்கள். தோடும் புதுத்துணியும் அவன்தான் சீராகக் கொண்டுவர வேண்டும். ஒருமுறை அவனுக்குப் பதில் வேறொருவர் தன் மடியில் பிள்ளையை உட்கார வைத்துக்கொண்டால், பிறகு வீட்டில் நடக்கும் எல்லா விசேஷத்திலும் அந்த இடம் அவருக்கே போய்விடும். என் மனைவிக்கு அப்பா அம்மா இல்லை. பிறந்த வீடு என்று சொல்லிக்கொள்ள இந்தத் தம்பி ஒருவன்தான். ஆகவே அது வெறும் மடி இல்லை. அவளுக்கு அது ஒரு வீடு.

அந்த மடிக்கு இன்னொருவரும் ஆயத்தமாக இருந்தார். என் மனைவியின் பெரியம்மா மகன், பேட்டையில் அரிசி மண்டி வைத்திருப்பவர். ஊரே அவரை அண்ணாச்சி என்றுதான் கூப்பிடும். கெட்டவர் இல்லை. எந்த விசேஷத்திலும் எது குறைந்தாலும் அந்த இடத்தில் தன்னை வைத்து நிரப்பிவிட வேண்டும் என்று நினைப்பவர். பாயசத்தில் முந்திரி குறைந்தால்கூட வருத்தப்பட்டுத் தானே போய் வாங்கிவருவார். காதுகுத்துக்கு முந்தின நாள் மச்சினனின் தோளில் கை போட்டு, "நாளைக்கு மழைன்னு சொல்லுதாங்கலே. நீ ஒண்ணும் கவலப்படாத, நான் இருக்கேன்" என்று ஆறுதல் சொன்னார். அந்த ஆறுதலில் மச்சினன் பாதிச் சோற்றில் எழுந்துவிட்டான்.

மறுநாள் காலையில் என் மனைவியும் மகளும் சொந்தக்காரர்களும் வேனில் முன்னால் போய்விட்டார்கள். சீர்த் தட்டுகளோடு நானும் மச்சினனும் அவன் காரில் கிளம்பினோம். எனக்குக் கார் ஓட்டத் தெரியாது. வானம் வெளுத்துத்தான் இருந்தது. பத்தமடை தாண்டியதும் இருண்டது. சேரன்மகாதேவிக்குள் நுழையும்போது கண்ணாடியில் டப்பென்று ஒரு துளி. அவ்வளவுதான், பெட்ரோல் பங்க் கூரைக்குக் கீழே நாங்கள் நின்றிருந்தோம். பங்க் பையன் வந்து, "எவ்வளவுக்கு?" என்று கேட்டான். மச்சினன் மேலே கூரையைப் பார்த்தான். நான் வேறு பக்கம் பார்த்தேன்.

மழை வெளுத்து வாங்கியது. பஸ்ஸில் போய்விடலாமா என்று பார்த்தால், வந்த பஸ்களில் படிக்கட்டிலேயே கூட்டம் தொங்கிக்கொண்டிருந்தது. அப்போது என் மனைவியின் போன் வந்தது.

"எங்கன இருக்கீக?"

"சேரன்மகாதேவி. பெட்ரோல் பங்குல நிக்கோம்."

"பெட்ரோல் போடவா?"

மச்சினன் என்னைப் பார்த்துக் கை கூப்பினான். "காத்து அடிக்க" என்றேன்.

"நாலு டயருக்கும் இவ்வளவு நேரமாவா அடிக்கீக? மழைக்கு ஒதுங்கியிருக்கான், எனக்குத் தெரியாதா. போன அவன்ட்ட குடுங்க." கொடுத்தேன். அவள் குரல் போனுக்கு வெளியே எனக்கும் கேட்டது. "ஏலே தம்பி, அண்ணாச்சி பலகையப் போட்டு உக்காந்தாச்சு. ஆசாரி ஊசிய எடுத்து வச்சாச்சு. அவருக்கு அடுத்த வீட்டுக்குப் போணுமாம். பிள்ளைக்கு நேத்திக்கடன்னு சொல்லி மண்டபத்துக்குள்ளயே சாமியச் சுத்திக்கிட்டே இருக்கேன். எவ்வளவு நேரம்தான் சுத்துவேன். சாமிக்கே தல சுத்தும்."

"தோடு எங்கிட்டல்லா இருக்கு அக்கா."

"அண்ணாச்சி அவுக மக காதுலருந்து கழட்டியாச்சு."

பின்னாலிருந்து அண்ணாச்சியின் குரலும் வந்தது. "மடிதானம்மா வேணும். என் மடிக்கு என்ன கொறச்சல்?" பிறகு என் மனைவி வேறு குரலில், "நீ பயந்துக்கிட்டு வர வேண்டாம்லே. முடியலன்னா முடியலன்னு சொல்லு. நான் ஒண்ணும் நினைக்க மாட்டேன்" என்றாள். திட்டியிருந்தால் அவன் தாங்கியிருப்பான். போனை என்னிடம் கொடுத்துவிட்டு ஸ்டியரிங்கில் நெற்றியை வைத்துக்கொண்டான்.

எனக்குத் தெரிந்த தைரியமெல்லாம் சொன்னேன். சாமியை நினைத்துக்கொள் என்றேன். லாரிக்காரர்கள் எல்லாரும் போகவில்லையா என்றேன். கண்ணை மூடிக்கொண்டு ஒரே அழுத்தாக அழுத்திவிடு என்றும் சொன்னேன்.

"அத்தான், நீங்க பேசாம இருந்தாலே பாதிப் பயம் போயிரும்" என்றான். தலையைத் தூக்கிச் சாலையைப் பார்த்தான். "ஆழ்வார்குறிச்சி வரைக்கும்னு நினைச்சாச் சாவியத் திருப்ப முடியல. அது ரொம்பப் பெருசு. அப்படியே ஒரே துண்டா வச்சிருக்கேன்." பிறகு தனக்குத்தானே தலையாட்டிக்கொண்டான். "பிரிப்போம். நான் ஒவ்வொண்ணாச் சொல்லுதேன். அது சரியா நடந்துச்சுன்னா நீங்க 'சரி'ன்னு சொல்லணும். நடக்கலன்னா சரின்னு சொல்லக் கூடாது. என்னச் சந்தோசப்படுத்தச் சொல்லவே கூடாது."

"சரி" என்றேன்.

"இன்னும் ஆரம்பிக்கல அத்தான்."

முதல் துண்டு, ஏசியைப் போட்டு உள் ஆவியைப் போக்குவது. கண்ணாடி தெளிந்தது. சரி என்றேன். அடுத்தது விளக்கு. சரி. அடுத்தது துடைப்பான். சரி. அடுத்தது, பங்க்கிலிருந்து சாலைக்கு ஏறுவது, அவ்வளவு மட்டும். ஏறி ஓரமாக நின்று என்னைப் பார்த்தான். சரி என்றேன். பங்க் பையன் கையசைத்து வழியனுப்பினான்.

பிள்ளைகளே, அப்படி ஒரு பயணத்தை நான் அதற்கு முன் போனதில்லை. "அந்தப் புளியமரம் வர" என்பான், அதுவரைக்கும் மட்டும். வாழைத்தோப்புகளுக்கு நடுவே பைய ஊர்ந்து புளியமரம் வந்ததும் "சரி" என்பேன். "இப்ப அந்த டீக்கடை வர." சரி. "எதுக்க லாரி வருது. வேகத்தக் கொறைக்கேன், ஓரத்துல போறேன், வேற ஒண்ணும் செய்யமாட்டேன்." லாரி ஒரு குளத்தையே எங்கள் கண்ணாடியில் வீசிவிட்டுப் போனது. கொஞ்ச நேரம் எதுவுமே தெரியவில்லை. அவன் பிரேக்கைத் திடீரென்று மிதிக்கவில்லை, காலை மட்டும் மெல்ல எடுத்தான். கண்ணாடி தெளிந்தது. நான் இன்னும் டாஷ்போர்டையே பிடித்துக்கொண்டிருந்தேன். "சரியா இல்லையா?" என்று அதட்டினான். சரி என்றேன். வீரவநல்லூரில் ஒரு பஸ் எங்களுக்கு முன்னால் வந்து சேர்ந்தது. அதன் சிவப்பு விளக்கு மழைக்குள் அழகாக மினுங்கியது. மச்சினன் அதைப் பார்த்த பார்வையை நானும் பார்த்தேன். "அது அது வேலையப் பாக்கட்டும்" என்று சொல்லி நன்றாக இடைவெளி விட்டுக்கொண்டான்.

கல்லிடைக்குறிச்சிக்குப் பக்கத்தில் வாய்க்கால் பொங்கிச் சாலையின் குறுக்கே தண்ணீர் போய்க்கொண்டிருந்தது. அங்கே நிறுத்தினான். பயந்துவிட்டான் என்று நினைத்தேன். "இல்ல அத்தான். ஆழம் தெரியல. தெரியாததுக்குள்ள எறங்குதது இந்தத் துண்டுல கிடையாது" என்றான். எதிர்ப்பக்கத்திலிருந்து ஒரு டிராக்டர் இறங்கி வந்தது. தண்ணீர் அதன் சின்னச் சக்கரத்தின் அடியைத்தான் தொட்டது. பின்னால் ஒருவர் பால் கேனோடு சைக்கிளை உருட்டிக்கொண்டு கணுக்கால் தண்ணீரில் வந்தார். அதையும் பார்த்த பிறகு, முதல் கியரில் நிற்காமல் ஒரே சீராகப் போய்க் கரையேறினான். சரி என்றேன். என் குரல் எனக்கே கீச்சென்று கேட்டது. தாமிரபரணிப் பாலத்தில் ஏறியபோது கீழே ஆறு செம்மண் நிறத்தில் புரண்டு போனது. நான் எட்டிப் பார்த்தேன். அவன் பார்க்கவில்லை. பாலத்தின் கடைசி விளக்குக் கம்பத்தை மட்டும் பார்த்துக்கொண்டு போனான்.

கோயிலுக்குப் போகும் வண்டித்தடத்தில் சேறு. காரைச் சாலையோரம் விட்டுவிட்டு, தட்டுகளைத் தூக்கிக்கொண்டு வரப்பில் ஓடினோம். அவன் தோட்டுப் பெட்டியை மட்டும் வாயில் கடித்துக்கொண்டு, இரண்டு கையிலும் பழத்தட்டைப் பிடித்திருந்தான். என் மனைவி பிள்ளையைத் தூக்கிக்கொண்டு இன்னும் சுற்றிக்கொண்டிருந்தாள். எங்களைப் பார்த்ததும் நின்றாள். புடவைத் தலைப்பால் தம்பியின் தலையைத் துவட்ட ஆரம்பித்தாள், சின்னப் பையனுக்குத் துவட்டுவது போலக் கொஞ்சம் வலிக்கிற மாதிரி.

அதோடு முடியவில்லை. அண்ணாச்சி பலகையிலிருந்து எழுந்து இடம் விட்டார். மச்சினன் உட்காரப் போனான். ஆசாரி தடுத்துவிட்டார். "மடி சொட்டுது. இந்த மடியில வச்சா, பிள்ளைக்குக் காதும் குத்தும் சளியும் பிடிக்கும்" என்றார். தட்டில் இருந்த புது வேட்டியும் நனைந்து கிடந்தது. நல்ல நேரம் போய்க்கொண்டிருந்தது. அடுப்புக்கும் கிணற்றுக்குமாக மழையில் ஓடியதில் மற்றவர்கள் வேட்டியெல்லாம் நனைந்திருந்தது, கோயில் மண்டபத்தில் காய்ந்த பெரிய வேட்டி ஒன்றே ஒன்றுதான் இருந்தது. அது காலையிலிருந்து மடியைத் தயாராக வைத்துக்கொண்டு நனையாமல் உட்கார்ந்திருந்த அண்ணாச்சியின் இடுப்பில் இருந்தது.

அண்ணாச்சி ஒரு கணம் யோசித்தார். குறைந்த இடத்தில் தன்னை வைத்து நிரப்புகிற மனிதர் அல்லவா. தூணுக்குப் பின்னால் போய்த் துண்டைக் கட்டிக்கொண்டு வேட்டியை நீட்டினார். "சீக்கிரம் கட்டுலே. காத்து சில்லுன்னு அடிக்கி" என்றார். அவர் வேட்டி மச்சினனைச் சுற்றிக் கூடாரம் மாதிரி நின்றது. அதன் நடுவே என் மகள் உட்கார்ந்தாள். ஊசி இறங்கியதும் அவள் கத்தியதைவிட, அவன் முகம் போன போக்கைப் பார்த்துத்தான் சுற்றி நின்றவர்கள் பயந்தார்கள். என் மனைவி சிரித்துக்கொண்டே அழுதாள்.

அந்த மகள் இப்போது பள்ளிக்கூடத்தில் கோடிங் படிக்கிறாள். ஏதாவது ஓடவில்லை என்றால் மாமாவுக்குப் போன் போடுவாள். அவனும் வெளியே எவ்வளவு மழை கொட்டினாலும் காரை எடுத்துக்கொண்டு வந்துவிடுவான். "ஒரே துண்டா எழுதாத மக்களே" என்று தொடங்குவான். காரில் வந்ததை ஒரு செய்தியாக அவன் சொல்வதுமில்லை, நாங்கள் கேட்பதுமில்லை. என்னிடம் அவன் பயம் போன நேரம் எதுவென்று கேட்டால், கோயிலுக்குப் போனதைச் சொல்ல மாட்டேன். அப்போது அக்கா காத்திருந்தாள், நேரம் ஓடிக்கொண்டிருந்தது. கட்டாயத்தில் யாரும் ஒருமுறை செய்துவிடலாம். நான் திரும்பி வந்ததைத்தான் சொல்வேன்.

பந்தி முடிந்தும் மழை நிற்கவில்லை. வேன் முதல் நடைக்கு ஏறிய ஆட்களோடு போய்விட்டது. இனி ஒரு அவசரமும் இல்லை, மழை விட்ட பிறகு பைய கிளம்பலாம் என்று எல்லாரும் சொன்னோம். மச்சினன் வானத்தைப் பார்த்தான். "விட்டுட்டா நான் ஓட்டுனேனா இல்லையான்னு எனக்கே தெரியாமப் போயிரும்" என்று சாவியை எடுத்தான். அண்ணாச்சியும் எங்களோடு ஏறிக்கொண்டார். வேட்டி திரும்பி வராததால் துண்டோடுதான் முன் சீட்டில் உட்கார்ந்தார். பின்னால் என் மனைவி, அவள் மடியில் தூங்கும் மகள், பக்கத்தில் நான். "அந்த மைல்கல் வர" என்றான் மச்சினன். "சரி" என்றேன். கொஞ்ச தூரத்தில் என் மனைவியும் சொல்ல ஆரம்பித்தாள். பிறகு அண்ணாச்சியும், கடவுளே என்று முனகுவதை விட்டுவிட்டு, "சரிலே" என்றார்.

வீரவநல்லூர் தாண்டியபோது மழை விட்டிருந்தது. ஆட்கள் குடையை மடக்கிக் கக்கத்தில் வைத்து நடந்துகொண்டிருந்தார்கள். வெயில்கூட லேசாக அடித்தது. மச்சினன் கவனிக்கவில்லை. முதுகை நிமிர்த்தி, இரண்டு கையாலும் ஸ்டியரிங்கைப் பிடித்து, "இப்ப அந்த வளைவு வர" என்று ஓட்டிக்கொண்டிருந்தான். துடைப்பான் காய்ந்த கண்ணாடியில் கிரீச் கிரீச்சென்று தேய்ந்தது. அண்ணாச்சி அதைக் காட்டிச் சொல்ல வாயெடுத்தார். என் மனைவி பின்னாலிருந்து அவர் தோளைத் தொட்டாள். அவர் வாயை மூடிக்கொண்டார். அண்ணாச்சி இறங்கும் பேட்டை வரைக்கும் மழை விட்டதை நாங்கள் யாரும் சொல்லவில்லை.